விசிறி பூச்சியம் காட்டிய நாள்

மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு ‘இனிய நினைவுகள்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெறுகிற எல்லோரிடமும் கேட்பதுதான். போன வருடம் ஒரு தாதி நத்தார் ஒளிவிழாவில் பாடியதைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு முந்தைய வருடம் சமையலறைப் பொறுப்பாளர் பொங்கல் பானை பொங்கிய திசையைப் பற்றி எழுதினார். நான் எழுதப்போவது ஒரு பக்கத்தில் அடங்காது. அவ்வளவு இனிமையாகவும் இராது. போடுவதென்றால் முழுவதையும் போடுங்கள், வெட்டுவதென்றால் முழுவதையும் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைக் கிளப்பிவிட்டது சங்கீதா. கணினிப் பிரிவில் எனக்குப் பிறகு பொறுப்பேற்கப் போகிறவள். மருத்துவமனையின் பதிவுகளையும் படங்களையும் வைத்திருக்கிற பெரிய மெசின்கள், எங்கள் சேர்வர்கள் எல்லாம் கொழும்பில் ஒரு கம்பனியின் கட்டடத்துக்குப் போகப்போகின்றன. இனி இங்கே திரைகள் மட்டும்தான் இருக்கும். அதை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

“அக்கா, உந்தச் சூடு பாக்கிற புரோகிராம் இனித் தேவையில்லைத்தானே? அழிச்சு விடட்டோ?”

“அழிக்கிறது உன்ரை விருப்பம். ஆனா அது இஞ்சை என்ன செய்தது எண்டு தெரிஞ்சுகொண்டு அழி” என்றேன். சொன்ன பிறகு கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. இதைச் சொல்ல ஓய்வு பெறும்வரை காத்திருந்தேனே என்று.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போர்க்காலத்தில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் கணினி படித்தவள் நான். விசைப்பலகையை மட்டையில் கீறி வைத்து விரல் பழகினோம். மின்சாரம் வந்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். மிச்சப் பாதியில் ஒருத்தி இந்தத் தனியார் மருத்துவமனையில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தாள். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தது, கணினிகள் பெருகிச் சேர்வர் அறை வந்தது, அந்த அறையின் சாவி என்னிடம் வந்தது. அவ்வளவுதான்.

சூடு பார்க்கிற புரோகிராமை நான் இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. கணினியைச் செய்யும்போதே அதற்குள் ஆங்காங்கே சின்னச் சின்ன வெப்பமானிகளைப் பதித்திருப்பார்கள். மூளை போன்ற பகுதிக்கு ஒன்று, தகவலைச் சேமிக்கும் தட்டுக்கு ஒன்று, மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்கு ஒன்று. விசிறிகள் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகின்றன என்பதையும் அவை தாங்களே சொல்லும். இதையெல்லாம் கேட்டுத் திரையில் வரிசையாகக் காட்டுவதுதான் அந்தப் புரோகிராமின் வேலை. நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் சத்தம் போடும்.

போட்ட முதல் நாளே ஒரு வரி நூற்றிருபத்தேழு பாகை காட்டியது. அறையில் நின்ற எல்லோரும் பதறினோம். நெருப்பணைக்கும் உருளையைக்கூட யாரோ தூக்கி வந்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே எந்தப் பிரச்சினையும் இல்லை. பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற வரிகள் காலையில் இறங்கின, மதியம் ஏறின, வேலை கூடினால் கூடின. இந்த ஒன்று மட்டும் எழுதி ஒட்டியதுபோல அப்படியே நின்றது. அந்த இடத்தில் வெப்பமானியே இல்லை. இல்லாத ஒன்றிடம் கேட்டால் வருகிற பதில் அது. அன்றைக்கு ஒன்று பழகிக்கொண்டேன்: ஒரு இலக்கத்தைத் தனியே நம்பக்கூடாது. பக்கத்து இலக்கங்களும் அதோடு சேர்ந்து அசைகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

எல்லைகளையும் நானே வைத்தேன். செய்தவர்கள் வைத்த எல்லை குளிர் தேசத்து அறைக்கு. எங்கள் சித்திரை வெயில் அவர்களுக்குத் தெரியாது. மார்கழியிலிருந்து அடுத்த மார்கழிவரை பார்த்து, இந்த மெசினுக்கு இந்த அறையில் எது இயல்பு என்று தெரிந்த பிறகுதான் எல்லை போட்டேன். தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில் வலிகாமத்துச் செம்மண் தூசு எந்த யன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். அதே சூட்டுக்கு விசிறி வாரத்துக்கு வாரம் வேகமாகச் சுற்றினால் தூசு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வேகம் ஒரு நிலையில் நிற்காமல் துள்ளினால் விசிறியின் நடு அச்சு காய்ந்துவிட்டது. புதிய விசிறிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

“கை வைச்சுப் பாத்தால் தெரியாதோ?” என்று கேட்டவர்கள் ஏராளம். தெரியாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கைக்குத் தெரிவது பெட்டியின் சூடு.

இனி மருத்துவமனைப் பணிப்பாளருக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நிர்வாகத்தில் ஊறியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையின் ஒரு மூலையால் முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போட்டுக்கொண்டு, “பாப்பம், ராணி” என்பார். அதோடு அந்த விடயம் முடிந்தது. எந்த விடயமும் அவர் மறுத்து முடிந்ததில்லை. பார்ப்போம் என்றே முடியும்.

கெட்ட மனிதர் என்று யாரும் எடுத்துவிடக்கூடாது. வெள்ளம் வந்தபோது காற்சட்டையை மடித்துவிட்டு நோயாளரைத் தூக்கியவர். கூட்டித் துடைக்கிற பெண்களின் பிள்ளைகள் என்ன வகுப்பு என்பதுகூட அவருக்குத் தெரியும். கணினி அறை மட்டும் அவருக்கு மின்சாரம் குடிக்கிற ஒரு களஞ்சிய அறை. “உம்மடை றூமிலைதான் நுவரெலியாக் குளிர்” என்று பகிடி விடுவார்.

முதல் உரசல் சத்தத்தில் வந்தது. ஒருநாள் விருந்தினர்களுக்கு மருத்துவமனையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்துப் புரோகிராம் கத்தியது. மாலையில் கூப்பிட்டு, “உதை நிப்பாட்டும். வாற ஆக்கள் பயப்பிடுவினம்” என்றார்.

“சத்தத்தைக் குறைக்கிறன் சேர். நிப்பாட்ட மாட்டன்.”

கண்ணாடியைத் துடைத்தார். “பாப்பம்.”

இரண்டாவது உரசல் ஜெனரேற்றரில். மேல்மாடியில் புதிய கூட்ட மண்டபம் கட்டினார்கள். அதன் ஏசியை ஜெனரேற்றர் லைனில் கொடுத்தபோது பாரம் தாங்கவில்லை. ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டும். என் அறையின் ஏசியை அந்த லைனிலிருந்து கழற்றினார்கள். கழற்றிய பிறகுதான் எனக்குத் தெரியும். நேரே போய்ச் சொன்னேன்.

“கரண்ட் போனால் மெசின் ஜெனரேற்றரிலை ஓடும் சேர், ஏசி ஓடாது. அடுப்பை எரியவிட்டிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி.”

“எந்த நாளும் கரண்ட் போறதே, ராணி?”

“போற நாளைக்குத்தானே சேர் ஜெனரேற்றர்?”

“பாப்பம்.”

பின்பக்க விசிறியின் வேகம் துள்ளத் தொடங்கியபோது புதிய விசிறி ஒன்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான்.

அது ஒரு வைகாசி மாதம். மழை கண்டு பல வாரமாயிற்று. மதியத்துக்குச் சற்று முன்னர் மின்சாரம் நின்றது, ஜெனரேற்றர் எடுத்துக்கொண்டது. அறையின் ஏசி அடங்கிய உடனே காது அடைத்ததுபோல ஒரு அமைதி. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளில் நின்ற இலக்கம் எழுபதுகளுக்கு ஏறியது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு பின்பக்க விசிறியின் வரி ஒருமுறை துள்ளிப் பூச்சியம் காட்டியது. சத்தம் எழும்பியது.

பூச்சியம் பொய்யாகவும் இருக்கலாம். பக்கத்து வரிகளைப் பார்த்தேன். அந்த விசிறிக்கு அருகிலுள்ள இரண்டு வெப்பமானிகளும் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. பெட்டியைத் திறந்தேன். விசிறி செத்துக் கிடந்தது.

இப்படிச் சூடேறினால் அந்த மெசின் ஒரு கட்டத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், எச்சரிக்கை எதுவும் தராமல். சாதாரண நாளென்றால் நானே ஒழுங்காக நிறுத்தியிருப்பேன். அன்று முடியவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அச்சுவேலிப் பக்கத்தில் புகையிலை பயிரிடுகிற கமக்காரர் ஒருவர் மேசையில் இருந்தார். காதுக்குப் பின்னால் மண்டைக்குள் ஒரு கட்டி. ஸ்கான் படங்களைப் பிலிமில் அடிப்பதை அந்த வருடம்தான் நிறுத்தியிருந்தோம். கூடத்தில் இருந்த திரை படத்தைத் தன்னிடம் வைத்திருக்காது. டொக்டர் ஒவ்வொரு படமாகத் திருப்பும்போதும் என் அறையிலுள்ள மெசினிடம் கேட்டுத்தான் எடுக்கும். அந்தப் படங்களைத் திறக்கிற வேறு மெசின் எங்களிடம் இல்லை.

ஓடினேன். கூடத்துக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் கமக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் ஓடுவதைக் கண்டு எழும்பிவிட்டார்.

“பிள்ளை, உள்ளுக்கை ஏதும் பிழையோ?”

“இல்லை அக்கா. கரண்ட் பிரச்சினை. நீங்கள் இருங்கோ.”

கதவடியில் இருந்த பேசும் கருவியில் தாதி என்னைச் சத்திரசிகிச்சை நிபுணரோடு இணைத்தார். அவர் எங்கள் ஊர்ப் பெண்தான். நிறையக் கதைக்க மாட்டார்.

“டொக்டர், படம் இருக்கிற மெசின் சூடாகுது. நான் நிப்பாட்டாட்டி அது தானா நிண்டிடும். எப்ப எண்டு சொல்லேலாது.”

 உள்ளே கருவி ஒன்றைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

“நான் நரம்புக்குப் பக்கத்திலை நிக்கிறன், ராணி. இப்ப படம் போகக்கூடாது.”

“எவ்வளவு நேரம் வேணும்?”

“ஒரு மணித்தியாலம். கூடினாலும் கூடும்.”

“செய்யுங்கோ டொக்டர். நிக்கிற மாதிரி இருந்தால் முதலே ஆள் அனுப்புவன்.”

பணிப்பாளரின் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. மேல்மாடிக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த சிலரோடு மண்டபத்தில் கூட்டம். சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவொன்றை எங்களுக்குக் கட்டித் தருவதைப் பற்றிக் கதைக்க வந்தவர்கள். கதவைத் தட்டினேன். அவர் பாதி திறந்து தலையை நீட்டினார். பின்னால் குளிர்காற்றும் யாரோ சிரிக்கும் சத்தமும் வந்தன.

“சேர், சேர்வர் சூடாகுது. ஒப்பரேசன் நடக்குது, படம் நிண்டிடும். மண்டப ஏசி லைனை எனக்குத் தாங்கோ.”

அவர் காது உள்ளே இருந்தது. “மீற்றிங் முடியப் பாப்பம், ராணி” என்று கதவைச் சாத்தினார்.

படியிறங்கி ஜெனரேற்றர் கொட்டிலுக்குப் போகிறவரை நான் எதையும் முடிவெடுக்கவில்லை. லைன்களை மாற்றுகிற பிடிகள் இருக்கும் அந்தக் கொட்டிலுக்குள் யோகன் அண்ணை இருந்தார். மின்வேலைக்காரர். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு வயரும் அவர் இழுத்தது.

“அண்ணை, மண்டப ஏசியை இறக்கிப்போட்டு என்ரை றூமைப் போடுங்கோ.”

“ஆர் சொன்னது?”

“நான் சொல்லுறன்.”

“பெரியவர் சொன்னவரோ?”

“இல்லை.”

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “பிள்ளை, எனக்கு இன்னும் மகளின்ரை கலியாணம் கிடக்கு.”

“அப்ப எந்தப் பிடி எண்டு மட்டும் காட்டுங்கோ. இழுக்கிறது என்ரை கை.”

 அவர் தலையைச் சாய்த்து நாடியால் ஒரு பிடியைக் காட்டினார். பலம் போட்டு இழுத்தேன். மண்டப ஏசியின் பாரம் இறங்கியதும் ஜெனரேற்றரின் உறுமல் தணிந்தது. நான் திரும்பினேன்.

“மற்றதை மேலை தள்ளு பிள்ளை” என்றார் அவர். “இல்லாட்டி உன்ரை றூமுக்கு வராது.”

அறைக்கு வந்து மெசினின் பாரத்தைக் குறைத்தேன். பில் போடுகிற புரோகிராம், சம்பளப் புரோகிராம், மருந்துக் களஞ்சியப் புரோகிராம், எல்லாவற்றையும் நிறுத்தினேன். பில் கவுண்டரிலிருந்து அழைத்தார்கள். “இண்டைக்குக் கையாலை எழுதுங்கோ” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பெட்டியின் மூடியைத் திறந்தபடி விட்டு, வரவேற்பறையில் நின்ற உயரமான மின்விசிறியை இழுத்து வந்து நேரே வைத்தேன். பிறகு செய்ய ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன்.

எண்பத்து நான்கு. எண்பத்தாறு. எண்பத்தேழு. அந்த எண்பத்தேழில் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் ஜெபம் பண்ணியிருப்பேன் என்று நினைப்பார்கள். பண்ணவில்லை. “இறங்கு, இறங்கு” என்று அதை ஏசிக்கொண்டிருந்தேன். எண்பத்தைந்து காட்டியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்போதுதான் பணிப்பாளர் வந்தார். வாசலில் நின்றார். முகம் முழுக்க வியர்வை.

“லைனை மாத்தினது ஆர்?”

“நான்தான் சேர்.”

“இப்பவே திருப்பி மாத்தும்.”

“ஒப்பரேசன் முடியட்டும் சேர்.”

“நான் சொல்லுறன், ராணி.”

“ஓம் சேர், கேட்டது. ஒப்பரேசன் முடிய மாத்துறன்.”

அதுவரை அவர் அறைக்குள் வந்தால் நான் எழும்பி நிற்பேன். அன்று எழும்பவில்லை. திரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டை நனைந்திருந்தது, துடைக்கத் துடைக்க அது மங்கியது. அதைக் கையில் பிடித்தபடியே போனார்.

தாதி வந்து முடிந்துவிட்டது என்று சொன்னபோது மெசினை ஒழுங்காக நிறுத்தினேன். பழைய கணினி ஒன்றிலிருந்து விசிறியைக் கழற்றிப் பூட்டினேன். சொன்னபடி கொட்டிலுக்குப் போய் லைனையும் திருப்பி மாற்றினேன். ஆனால் மண்டபம் அப்போது வெறுமையாக இருந்தது.

கமக்காரர் பிழைத்தார். முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. கட்டியை எடுக்க முக நரம்பைத் தொடவேண்டி வந்தது, அது தெரிந்தே செய்தது என்று டொக்டர் சொன்னார். நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

சிறுநீரகப் பிரிவு எங்களுக்கு வரவில்லை. வந்தவர்கள் அதை வேறு இடத்தில் கட்டினார்கள். வெக்கையில் இருத்தி அனுப்பியதுதான் காரணம் என்று பணிப்பாளர் நம்பினார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், அவர்கள் ஒருபோதும் காரணம் சொல்லவில்லை.

அந்த மாத ஊழியர் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால், “ராணி எழும்பி மன்னிப்புக் கேப்பா” என்றார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. எழும்பினேன்.

“விருந்தாக்களுக்கு வியர்த்ததுக்கு மன்னிப்புக் கேக்கிறன். லைனை மாத்தினதுக்குக் கேக்கமாட்டன். நாளைக்கும் அப்பிடி வந்தால் நாளைக்கும் மாத்துவன்.”

யோகன் அண்ணை பின்வரிசையில் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய பெயரை எங்கும் சொல்லவில்லை.

என்னை நோயாளர் பதிவு செய்கிற கவுண்டருக்கு மாற்றினார்கள். அனுமதி பெறாத புரோகிராம் என்று சொல்லி என் புரோகிராமையும் அழித்தார்கள். பெயர், வயது, முகவரி தட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தட்டச்சில் தொடங்கியவள்தானே. ஆனால் அந்தக் கவுண்டரில் ஒரு வேலை கடினமாக இருந்தது. அளவெட்டியிலிருந்து ஒரு அம்மா, கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வந்தார். “இஞ்சை இரத்தம் சுத்திகரிப்பினமோ பிள்ளை?” என்று கேட்டார். “இல்லை அம்மா, இஞ்சை இல்லை” என்று நான்தான் சொல்ல வேண்டும். அவரைப்போல இன்னும் எத்தனையோ பேர் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் என் கை தட்டச்சை விட்டு நின்றிருக்கிறது.

இதை எனக்கு எதிராகச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேசையில் ஒருவர் மண்டை திறந்தபடி கிடந்தார். வரப்போகும் பிரிவு கதையில் இருந்தது. இரண்டையும் ஒரே பிடியில் கட்டிவைத்தது நானல்ல. ஜெனரேற்றர் லைனைப் பிரித்த அன்றே அதைக் கட்டிவிட்டார்கள். இழுக்க மட்டும் என்னை விட்டார்கள். இழுத்தேன்.

என்னை மீண்டும் கொண்டுவந்தது அந்த நிபுணர்தான். சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு பணிப்பாளரிடம் போய், சேர்வர் அறை ஏசி ஜெனரேற்றர் லைனுக்கு வராமலும் ராணி அந்த அறைக்கு வராமலும் தான் மண்டையைத் திறக்கப்போவதில்லை என்று சொன்னாராம். இரண்டு வசனம்தான். பெரிய ஜெனரேற்றர் வந்தது. நானும் வந்தேன். வந்த காலையில், யாரிடமும் கேட்காமல், புரோகிராமை மறுபடி போட்டேன். சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

பணிப்பாளர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. போன மாதம் அவர் எங்களிடம் ஸ்கான் எடுக்க வந்தார். தலைச்சுற்று. கூப்பிடும்வரை இருக்க இடம் தேடி, நேரே என் அறைக்கு வந்து கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். நான் எழும்பி நின்றேன், வயதுக்கு மரியாதை.

“அண்டைக்கு நீர் ‘படம்’ எண்டனீர்” என்றார் தொடக்கமே இல்லாமல். “நான் ஏதோ பிரதி எடுக்கிற விசயம் எண்டு நினைச்சன்.”

“ஒப்பரேசன் எண்டும் சொன்னனான் சேர்.”

“எனக்குக் கேக்கேல்லை.”

“தெரியும் சேர். அதுதான் பிடியை நான் இழுத்தனான்.”

சிரித்தார். “கூட்டத்திலை ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டிருந்தால் உம்மைக் கவுண்டருக்கு அனுப்பியிருக்கமாட்டன். இப்ப கேட்டாலும் குறைஞ்சு போகமாட்டீர்.”

“கேக்கமாட்டன் சேர்.”

தாதி வந்து அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் கதிரைப் பிடியை ஊன்றி எழும்பினார்; கால் தடுமாறியது. கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். உள்ளே போக அவருக்குப் பயமாக இருந்தது என்று கையிலேயே தெரிந்தது.

“போயிட்டு வாங்கோ சேர்” என்றேன். “உங்கடை படம் இடையிலை நிக்காது. நான் இருக்கிறன்.”